மேலே இருந்த ஈரம்

கண்ணுகளா, ஒரே ஒரு சொல்லால் வந்த வினை இது.

வானிலை நிலையத்தில் ஒருத்தி இருந்தாள், பலூன் விடுவது அவள் வேலை. காலையில் வாயு நிரப்பி, கைக்கடக்கமான ஒரு கருவியைக் கட்டி மேலே அனுப்புவாள். எந்த உயரத்தில் எவ்வளவு நீராவி இருக்கிறது, காற்று அதை எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று அது ஏற ஏறத் திரையில் தெரியும். பதினோரு வருஷமாகப் பார்க்கிறாள். ஒரு வருஷம் போல இன்னொன்று இருந்ததில்லை.

அவளுடைய அண்ணன் மழையை நம்பி விதைக்கிறவர். இரண்டு வருஷம் பொய்த்தபின் வீட்டில் மிஞ்சியது ஒரு மூட்டை விதைக் கம்பு. இந்த வருஷம் மேலே எப்படி என்று போனில் கேட்டார். அவள் உள்ளதைச் சொன்னாள்.

"போன வருஷத்துக்கு இப்ப ஈரம் நல்லா இருக்குண்ணே."

நிலையத்தில் ஈரம் என்றால் காற்றில் இருப்பது. அவருக்கோ மண்ணில் இறங்குவது. மறுநாளே புழுதியில் மூட்டை முழுவதையும் விதைத்துவிட்டார். ஒரு தூறல் விழுந்தது, பயிர் எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான்.

நீராவி நாள்தோறும் ஆறாக ஓடி, அவர்களைத் தாண்டி, யாரோ ஒருவருடைய மலையில் கொட்டியது. அவள் திரையில் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இறக்கிவைக்க அவளால் ஆகுமா?

அண்ணி போனில் சிரித்தாள். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னன்னுவாங்க. எங்க தலைக்கு மேலயும் போகுது, ஒரு சொட்டு நனையலையே."

ஒரு நாள் காலை அண்ணன் நிலையத்துக்கே வந்துவிட்டார். திட்டுவார் என்று பயந்தாள், திட்டியிருந்தால் தேவலை. பலூன் புள்ளியாகும்வரை அண்ணாந்து பார்த்துவிட்டு, இன்று எவ்வளவு என்று கேட்டார். பதினோரு வருஷத்தில் அதுதான் அதிகம். சொன்னாள். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் சொல்லியிருக்க வேண்டாமே என்றிருந்தது.

"அப்ப இன்னும் நாலு நாள் பாக்கட்டுமா? இல்ல, பயிருல பச்சை இருக்கும்போதே மாட்ட விட்டு மேச்சுரட்டுமா?"

அவள் திரும்பித் திரையில் காற்றின் திசையைப் பார்த்தாள். அப்புறம் இன்னொரு தடவை பார்த்தாள். அதே மலைப்பக்கம்தான்.

"மேச்சுருண்ணே."

அவர் தலையாட்டினார். அண்ணிக்குப் போன் செய்து, தொழுவத்தைத் திறந்துவிடச் சொன்னார்.