கிழங்கு லோடு

புருஷன் மாணிக்கத்தின் காது மடலில் அப்பியிருந்த செம்மண்ணை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் அம்சவேணி. துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. கிழங்கு பிடுங்கும்போது ஒட்டிய மண் என்று சுற்றி நின்ற பெண்கள் நினைத்திருப்பார்கள்.

வாசலில் பிணம் கிடக்க, பக்கத்திலேயே நாலைந்து ஆண்கள் பிக்கப்பின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார்கள். அவள் கொழுந்தன் அருள்ராஜ் எடுத்த புது வண்டி. அடிவாரத்திலிருந்து இழவுக்கு வந்தவர்கள் இன்ஜினை விசாரித்தார்கள். கேஸ் வண்டி சமதரைக்குத்தான் சரி, இந்த மலை வளைவுகளுக்கு டீசல்தான் என்றான் அருள்ராஜ். டர்போ இழுக்கும் இழுப்பைச் சொல்லும்போது அவன் குரலில் துக்கம் இல்லை. ஒருவன் வெற்றிலை எச்சிலைச் சக்கரத்தோரம் துப்பிவிட்டு மறுபடி குனிந்தான்.

அம்சவேணி துணியை அலசிப் பிழிந்தாள்.

வண்டிப் பித்தில் செத்துக்கிடப்பவனும் லேசுப்பட்டவன் இல்லை. ஜீப்பின் முதுகை அறுத்துப் பலகை அடித்த வண்டியில்தான் மாணிக்கம் முதலில் மிளகு மூட்டை இறக்கினான். வளைவுக்கு வளைவு நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிறகு நிஜப் பிக்கப் வந்தது, பவர் ஸ்டியரிங் வந்தது, கம்ப்யூட்டர் வைத்த இன்ஜின் வந்தது. ஒவ்வொன்று வந்தபோதும் பெண் பார்க்கப் போகிறவன்போல் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போய்ப் பார்த்து வருவான். தம்பிக்கு இந்த வண்டியைத் தேர்ந்து கொடுத்ததும் அவன்தான்.

நேற்றுக் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவன் உட்கார்ந்தபோது, அந்த வண்டியில் மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றி முடிந்திருந்தது. இறக்கிப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்சவேணி கெஞ்சினாள். அருள்ராஜ் அண்ணனைப் பார்த்தான்.

"எறக்க வேண்டாம்டா. இந்த இன்ஜினுக்கு இதெல்லாம் ஒரு லோடா?" என்றான் மாணிக்கம், வேர்வை வழிய.

இன்ஜின் தாங்கியது. பிரேக்தான் தாங்கவில்லை. பாதி மலையில் கருகல் நாற்றம் எழும்ப, சூடு ஆறட்டும் என்று ஒரு வளைவில் ஓரங்கட்டினார்கள். அங்கேயே, அவள் தோளில் சாய்ந்தபடி, அவன் மூச்சு நின்றது. அருள்ராஜ் கையைப் பிடித்துப் பார்த்தான், மூக்கில் விரல் வைத்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் அழுதான். அப்புறம் வண்டியை எடுத்தான்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் ரோட்டில் அவன் திரும்பவில்லை. நேரே ஜவ்வரிசி ஆக்கும் சேகோ ஆலைக்குப் போய் வரிசையில் நின்றான். எட்டிப் பார்த்த கூலிக்காரனிடம் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, தூங்குகிறார் என்றான். புளித்த கிழங்குத் தண்ணீர் வீச்சம் கண்ணாடி வழியே உள்ளே வந்தது. புருஷன் முகத்தில் உட்காரும் ஈயை ஓட்டியபடி அம்சவேணி வாயைத் திறக்காமல் இருந்தாள். திறக்காத தன் வாயை நினைத்தாலே இப்போது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. லோடு இறங்கியதும், வண்டித் தட்டில் கூட்டிக்கூட எடுக்காத கிழங்கு மண்மேல் அவனைக் கிடத்தி மலையேற்றினார்கள்.

பாடை கட்டி முடிந்தது. அருள்ராஜ் பிக்கப்பின் முகப்பில் சாமந்தி மாலை கட்டினான்.

"வண்டியிலேயே ஏத்திரலாமுங்க. அண்ணன் ஆசப்பட்டுப் பாத்து எடுத்த வண்டி" என்றான்.

அம்சவேணி எழுந்து பாடையின் முன்னால் நின்றாள்.

"அதுல வேண்டாமுங்க."

மயானம் மேட்டில் இருக்கிறதே, தோளில் தூக்கினால் சிரமமாயிற்றே என்று ஊர்க்கவுண்டர் மாதேஸ்வரன் பதமாகச் சொல்லிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"தம்பி, உசிரு போனதுக்கப்புறம் ஒங்கண்ணன எங்க கொண்டுபோயி நிறுத்துனீங்க? கவுண்டர்கிட்டச் சொல்லுங்க."

அருள்ராஜ் மாலையின் நாரை முறுக்கிக்கொண்டே நின்றான்.

"கெழங்கு கெட்டுப்போயிருமுங்க அண்ணி" என்றான் கடைசியில்.

யாரும் அவனைத் திட்டவில்லை. வெற்றிலை போட்டவன் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு பாடையருகே வந்தான். மற்றவர்களும் வந்தார்கள். மாதேஸ்வரன் குரல் கொடுக்க, தூக்கினார்கள். ஓடிவந்த அருள்ராஜ் பாடையின் முன்பக்கம் தோளை நுழைக்கப் பார்த்தான். அங்கே இருந்தவன் நகரவில்லை. பின்னாலும் யாரும் இடம் விடவில்லை.

பாடை தினைக்காட்டு வரப்பில் ஏறியது. கொஞ்சம் இடைவெளி விட்டு அருள்ராஜ் நடந்தான். வரப்புத் தொடங்கும் இடத்தில் நின்று, முன்னே போகிறவர்களின் வெறுங்காலைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினான். கீழே விட்டால் தொலைந்துவிடுமோ என்று யோசிப்பவன்போல் இங்குமங்கும் பார்த்தான். பிறகு இரண்டையும் கையிலேயே பிடித்துக்கொண்டு மேலே ஏறினான்.