சொந்தக் கருத்து எங்கே?

ஆங்கில இலக்கியப் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் ‘அடிக்குறிப்பு’. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதானாலும், அதை எந்த நூற்றாண்டில் எவர் முதலில் சொன்னார் என்று சேர்த்துத்தான் சொல்வார். அந்தப் பெயர் அவர் காதுக்கும் வந்தது. கோபப்படவில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

இந்தப் பருவம் முழுக்க அவர் நடத்தியது, பழைய ஆங்கில நூல்களில் அப்பாக்கள் மகன்களுக்குச் சொல்லும் புத்திமதி. ஒரு நாடகத்து மந்திரி, கப்பலேறப் போகும் மகனை நிற்கவைத்து, வாயை அடக்கு என்று வாய் ஓயாமல் பேசுகிறார். ஒரு பிரபு, வெளியூர் மகனுக்கு வருஷக்கணக்கில் கடிதமாக எழுதித் தள்ளுகிறார். வாய்விட்டுச் சிரிப்பது பெரிய மனிதர்களுக்கு அழகல்ல என்பது அவர் கட்சி. இருவரையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொன்னார். வந்த நாற்பதில் முப்பது கட்டுரைகளின் அடியில், சிவப்பு மையில் வழக்கமான தீர்ப்பை எழுதினார்: ‘மேற்கோள் அதிகம். சொந்தக் கருத்து எங்கே?’

அந்தச் சமயம் பார்த்து அவருடைய மகனும் கிளம்பினான். லிஃப்ட் கம்பெனியில் பழுது பார்க்கும் வேலை. பஸ்ஸில் பதினோரு மணி நேரம் போக வேண்டிய ஊர். பிள்ளை வீட்டைவிட்டுப் போவது இதுதான் முதல் தடவை. அவன் மனசில் நிற்கிற மாதிரி ஒன்றாவது சொல்லி அனுப்ப வேண்டுமே என்று பேராசிரியருக்கு ஒரே தவிப்பு. மூன்று நாள் உட்கார்ந்து பதினெட்டுப் புத்திமதிகள் எழுதினார். கிளம்பும் அன்று காலை தாளைச் சாப்பாட்டு மேசையில், தண்ணீர் ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

வந்து பார்த்தால் தாள் முழுக்கச் சிவப்பு மை. அவருடைய பேனாவேதான். முதல் எட்டுக்கும் பக்கத்தில் ‘மந்திரி’, மீதிப் பத்துக்கும் ‘பிரபு’. பதினேழாவதான ‘சத்தம் போட்டுச் சிரிக்காதே’ என்பதைச் சுற்றி இரண்டு வட்டம். அடியில்: ‘பத்துக்கு நாலு. மேற்கோள் அதிகம். சொந்தக் கருத்து எங்கே?’

“என்னடா இது?”

“சின்ன வயசிலேருந்து உங்க பேப்பருக்கெல்லாம் மார்க் கூட்டிக் குடுத்தவன் நான்தானேப்பா? நாலே அதிகம். லிஃப்ட் குழிக்குள்ள இறங்கி கிரீஸ் பூசறவன், பிரபு வீட்டுல எப்படி உட்காரணும்னு தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்றது?”

“கல்யாணம் ஆன நாளா நானும் இதைத்தான் சொல்றேன். எனக்கு அந்தப் பேனா கிடைக்கலை,” என்றாள் அவன் அம்மா, சமையலறையிலிருந்து.

மகன் சிரித்தான். அவன் சிரித்தால் மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும். பேப்பர் திருத்தும்போது பேராசிரியர் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவார், அப்படியும் கேட்கும்.

பஸ் நிலையத்தில் பெட்டியை ஏற்றியாயிற்று. மகன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். டிரைவர் இன்ஜினைக் கிளப்பினார். பேராசிரியர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், பக்கத்தில் அவன் அம்மா. இத்தனை வருஷம் வாயைத் திறந்ததும் கூப்பிடாமலே நாக்கில் ஓடி வந்தவர்களில் ஒருவரும் வரவில்லை. மந்திரியும் இல்லை, பிரபுவும் இல்லை. பஸ் நகரப் போகிறது, இன்னும் ஒன்றுமே சொல்லவில்லையே.

“டேய், அந்தப் பதினேழாவதை அடிச்சிடு.”

“சரிப்பா. அதுக்குப் பதிலா?”

“நல்லா சத்தமா சிரி. போன் பண்றப்போவும் சிரி. அது கேக்கலைன்னா எனக்கு அந்த வீட்டுல இருக்கவே முடியாதுடா.”

“இது யார் சொன்னதுப்பா?” என்றான் மகன், குரல் கம்ம.

“யாரும் சொல்லலை. நான்தான்.”

அவன் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். பஸ் வெளியேறி வளைவில் திரும்பும்வரை அது கேட்டது.

“இதைச் சொல்லவா மூணு நாளா எழுதினீங்க?” என்றாள் அவன் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.