அம்மா தட்டிய பலகை

தங்கை அடுத்தடுத்து இரண்டு ஓட்டப் போட்டிகளில் துப்பாக்கி வெடிக்கும் முன்பே ஓடிவிட்டாள். இரண்டிலும் வெளியேற்றினார்கள். இன்னொரு தடவை நடந்தால் விளையாட்டு விடுதியில் இடம் கிடையாது என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். காலில் கோளாறு இல்லை, மனசில்தான் என்றார். மனசை யாரிடம் காட்டுவது என்று சொல்லவில்லை.

அவள் தியானம் பழகினாள். கடவுளிடம் வேண்டினாள். வேண்டுதல் முடியும் முன்பே எழுந்து ஓடுகிறாள் என்று கேலி செய்தேன்.

கிடங்கில் இரவு வேலை முடிந்ததும் நேராக மைதானத்துக்குப் போவேன். அவள் ஓட்டம் தொடங்கும் கோட்டில் வைத்த பிளாக்கில் காலை ஊன்றி இடுப்பைத் தூக்குவாள். பின்னால் நின்று இரண்டு பலகைகளைத் தட்டுவேன். அதுதான் எங்கள் துப்பாக்கி.

ஒருநாள் காலை மூச்சை இழுத்தவன் கொட்டாவியில் தட்ட மறந்துபோனேன். அவள் பாய்ந்துவிட்டாள். அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. தட்டுமுன் நான் மூச்சிழுப்பேன். இத்தனை நாளும் அவள் பலகையைக் கேட்கவில்லை, என் மூச்சைத்தான் கேட்டிருக்கிறாள். போட்டியில் பக்கத்துப் பாதைக்காரி மூச்சிழுத்தாலும் கிளம்பிவிடுவாள்.

"மூச்ச அடக்கிக்கோண்ணா."

"அடக்கினா அதையும் கண்டுபிடிச்சிடுவ. கூடப் பொறந்தவளாச்சே."

மறுநாள் அம்மாவை அழைத்துப் போனோம். எப்போது தோன்றுகிறதோ அப்போது தட்டச் சொன்னேன். அம்மா தட்டவேயில்லை. தங்கையின் கைகள் நடுங்கின.

"தட்டும்மா."

"எப்படிடா தட்டுறது? புள்ளைக்குக் கை நடுங்குது பாரு."

தங்கை சிரித்துத் தரையில் விழுந்தாள். எழுந்து மறுபடி குனிந்தாள். அம்மா மறுபடி இரங்கினாள். அந்த இரக்கம் தீர்ந்து எப்போது தட்டுவாள் என்று கணிக்க ஆளில்லை. காத்திருப்பதைத் தவிர தங்கைக்கு வேறு வழியில்லை. திட்டினாள், ஒருநாள் அழக்கூடச் செய்தாள். பிறகு நடுக்கம் குறைந்தது. எதற்காகக் குனிந்திருக்கிறோம் என்பதையே மறந்தவள் மாதிரி இருந்தாள்.

போட்டியன்று துப்பாக்கி சுடுபவர் சுடாமல் எல்லோரையும் நெடுநேரம் பிடித்துவைத்தார். பக்கத்துப் பாதைக்காரி பொறுக்க முடியாமல் முந்தி ஓடி வெளியேறினாள். தங்கை அசையவில்லை. மற்றவர்கள் திரும்பி வந்து குனிந்தார்கள். இந்த முறை வெடித்தது. எல்லோருக்கும் கடைசியாக எழுந்தவள் விரட்டிப் பிடித்து மூன்றாவதாக வந்தாள். விடுதி இடம் தப்பியது.

பயிற்சியாளருக்குத் திருப்தியில்லை. பிளாக்கில் தூங்கிவிட்டாயா என்று கேட்டார்.

"இல்ல சார்," என்றாள் தங்கை, மூச்சு வாங்கிக்கொண்டே. "அங்க நல்லா இருந்துச்சு."