தொப்பியைக் கழற்றிச் சொன்ன ஜெபம்

மிஸ் ஹார்லன் அம்மாளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. அவள் அமெரிக்காக்காரி. ஆனால் இங்கிலாந்துத் துரைமார் வாயில் வரும் கொச்சை வார்த்தை எதைக் கேட்டாலும் குழந்தை மாதிரி கைதட்டுவாள். "அவர்கள் பேசுவதும் இங்கிலீஷ், நாங்கள் பேசுவதும் இங்கிலீஷ். இந்தச் சொல் மட்டும் எங்களிடம் இல்லையே!" என்று நோட்டில் எழுதிக்கொள்வாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த ஒரே வருஷத்தில் இரண்டு நோட்டு நிரம்பிவிட்டது. போலீஸ் துரை டீ குடிக்க வந்தால் போதும், பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

அவள் வீட்டுச் சமையல்காரி கிருபாபாய், ராஜபாளையத்துக்காரி. எழுத்து வாசனை கிடையாது. ஆனால் காதில் விழுந்த வசனத்தைப் பிசகாமல் திருப்பிச் சொல்லுவாள். பைபிள் சங்கீதங்கள் அவளுக்குள் ஏறியது அப்படித்தான். அவற்றோடு இங்கிலீஷ் வாக்கியம் ஒன்றும் இருந்தது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளும் புருஷன் தவசிமுத்துவும் மேற்கு மலைக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனார்கள். மலைக்காய்ச்சல் ஒன்பதே நாளில் அவனைக் கொண்டுபோய்விட்டது. தோட்டத்துத் துரை குடிசைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றினார். பிணத்தைப் பார்த்து நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றி அவள் பார்த்ததெல்லாம் வேதக்கோயிலில்தான், அதுவும் ஜெபத்துக்கு. மேடேறி வந்தவருக்கு வேர்த்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஜெபம் சொல்ல உபதேசியார் இல்லாமல் மண்ணுக்குப் போன மனுஷனுக்கு அந்த ஜெபமாவது கிடைத்ததே என்றுதான் இத்தனை நாளும் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

கல்லறைக் கல்லில் அந்த ஜெபத்தையே வெட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. எழுத்தாகக் கொண்டுவந்தால்தான் ஆகும் என்று கல்தச்சன் சொல்லிவிட்டான். ஒருநாள் காலை துணிந்து கேட்டாள்.

"மிஸ்ஸியம்மா, ஒரு இங்கிலீசு சொல்லுதேன். எழுதித் தருவீயளா?"

"சொல்லுங்கள்." நாய்க்குட்டியைக்கூட 'வாருங்கள்' என்று கூப்பிடும் முன்ஷி வாத்தியாரிடம் படித்த புத்தகத் தமிழ் அம்மாளுடையது.

கிருபாபாய் கண்ணை மூடிக் கைகூப்பினாள். "பாலி பிளைட்டர்ஸ் பெக்ட் அவுட்."

மிஸ் ஹார்லன் துள்ளி எழுந்து பென்சிலை எடுத்தாள். "அற்புதம்! புதுச் சொல் மூன்றும் ஒரே வாக்கியத்தில்! மறுபடியும் சொல்லுங்கள்!" சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஜெபம் இம்புட்டுச் சந்தோஷம் கொடுக்குமா என்று கிருபாபாய்க்கும் முகம் மலர்ந்தது. "அதுக்கு என்ன அர்த்தம்மா?"

"உதவாக்கரைப் பயல் ஒழிந்தான்! செத்தவனைப் பற்றி இப்படிச் சொல்வார்கள். என்ன குறும்பு பாருங்கள்! யாரைப் பற்றிச் சொன்னது?"

கிருபாபாய் கூப்பிய கையை இறக்கினாள். காய்ச்சலோடு ஏழு நாள் மூட்டை சுமந்தவன் தவசிமுத்து. அவனா உதவாக்கரை? இந்தச் சிரிப்புக்கு நடுவே அவன் பேரைப் போட அவளுக்கு மனசு வரவில்லை.

"மலையில ஒரு துரை சொன்னாரும்மா. ஒரு குதிரையப் பத்தி. பொதி சுமந்து சுமந்தே செத்துப்போச்சு."

மிஸ் ஹார்லனின் சிரிப்பு நின்றது. பென்சிலைக் கீழே வைத்தாள்.

"ஐயோ பாவம்," என்றாள். "நல்ல குதிரையா?"

ஐந்து வருஷத்தில் தவசிமுத்துவுக்காக ஒரு வெள்ளைக்காரர் வாயிலிருந்து வந்த முதல் 'ஐயோ பாவம்' அது. கிருபாபாய் அதை வாங்கிக்கொண்டாள்.

"நல்லதும்மா. ரொம்ப நல்லது," என்றவள், அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.