மஞ்சள் ஏரி

ஊருக்கு வெளியே இருக்கும் ஏரியையும் அதன் பின்னால் உள்ள குன்றுகளையும் தவிர என் கணவர் வேறெதையும் வரைந்ததில்லை. கல்யாணமான புதிதில் என்னை வரையச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். ஏரி பேசாமல் உட்காரும், நீ உட்கார மாட்டாய் என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷமாக அந்த ஏரி மஞ்சளாகப் பழுத்துக்கொண்டே வந்தது. படத்தில் தண்ணீர் டீ நிறம், குன்றெல்லாம் துரு. என் வாய் சும்மா இருக்குமா? சொன்னேன். முதலில் உன் கண்ணைப் போய்க் காட்டு என்றார். கடைசியில் பார்த்தால் புரை அவர் கண்ணில், அதுவும் இரண்டிலும். முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது.

கட்டுப் பிரித்த மறுநாள் மாடி அறைக்குப் போனவர் இறங்கி வரவே இல்லை. போய்ப் பார்த்தேன். கண்காட்சிக்காகச் சட்டம் போட்டு வைத்திருந்த படங்களுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் பட்டைத் தூரிகை, பக்கத்தில் திறந்த வெள்ளைப் பெயின்ட் டப்பா.

"எல்லா நிறமும் தப்பு. கண்காட்சி வேணாம்னு சொல்லிடு. இனிமே நான் வரையப் போறதில்ல."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வெயிலில் முதுகு ஒடிய உட்கார்ந்து வரைந்ததெல்லாம் வெள்ளையடிக்கத்தானா? ஓர் அட்டையை எடுத்து அவருடைய வலது கண்ணை மறைத்துப் பிடித்தேன்.

"இப்பப் பாருங்க."

புரை இருந்த கண்ணால் பார்த்தார். "இப்பச் சரியாத்தான் இருக்கு."

"அப்போ பார்த்ததைத்தானே வரைஞ்சிருக்கீங்க? பொய் ஒண்ணும் சொல்லலையே."

மனுஷருடைய வீம்பு லேசில் இறங்காது. ஆனால் டப்பாவின் மூடியைத் தேட ஆரம்பித்தார்.

டாக்டர் சரி என்றதும் ஏரிக்கரைக்குப் போய்ப் புதிதாக ஒரு படம் வரைந்தார். அப்பப்பா, என்ன நீலம்! கண்காட்சியில் மஞ்சள் படங்களுக்கு நடுவில் அதை மாட்டினோம். இவர் தூண் மறைவில் போய் நின்றுகொண்டார்.

படம் பார்க்க வந்த வாத்தியார் ஒருவர், மஞ்சளாக இருப்பதெல்லாம் சாயங்காலத்தில் வரைந்ததா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தப்பிக்க வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து இவர் குரல் கேட்டது.

"இல்லைங்க, எல்லாம் நடுப்பகல். ரெண்டு கண்ணுலயும் புரை இருந்தப்போ எனக்கு ஏரி இப்படித்தான் தெரிஞ்சுது."

வாத்தியார் மறுபடியும் முதல் படத்துக்கே போனார். இவரும் கூடவே போய், எந்தப் படத்தில் எவ்வளவு புரை என்று கூச்சமே இல்லாமல் விளக்க ஆரம்பித்தார். இனி இவரை யாராலும் நிறுத்த முடியாது என்று தெரிந்தது. நான் நிம்மதியாகப் போய் உட்கார்ந்தேன்.