தெற்குக் கயிற்றில் ஒரு ஆள்

மர்ஸூக்குக்குக் கோபம் வந்தது வேலியில் தொங்கிய மீன் பையைப் பார்த்துத்தான்.

கண்டக்குழி ஊரில் கரைவலை இழுத்தால் சீக்காளி இருக்கிற வீட்டுக்கு முதலில் மீன் போகும். நல்ல வழக்கம்தான், யார் குறை சொல்ல முடியும்? ஆனால் ஏழு வருஷமாக அந்த முதல் மீன் தன் வாசலுக்கே வந்துகொண்டிருந்தால் ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும்? கச்சான் காற்று அடங்கி அந்த வருஷத்து முதல் வலை இழுத்த அன்றும் வந்துவிட்டது. திருப்பி அனுப்பு என்றான். பெண்சாதி றுக்கியா, பைத்தியமா உங்களுக்கு என்று கேட்டுவிட்டு மீனை ஆய்ந்து ஆணம் காய்ச்சினாள். அவனும் தின்றான். தின்னத் தின்ன ஆத்திரம் கூடியது.

ஒரு காலத்தில் அந்தக் கரையில் அம்பா பாடியவன் அவன். எல்லாரும் ஒரே தாளத்தில் வலை இழுக்க ஒருத்தன் பாட்டெடுத்துக் கொடுக்க வேண்டும்; அதுதான் அம்பா. மர்ஸூக்கின் குரல் இருந்ததே, என்ன குரல் அது! காற்றுக்கு எதிரே நின்று பாடினாலும் வள்ளத்தில் போகிறவனுக்குக் கேட்கும். இறைநேசர்களான அவ்லியாமார் பேரில் தொடங்குவான். நாலு இழுவைக்குள் சம்மாட்டி மீரா முகைதீனின் தொந்தியில் வந்து நிற்பான். வலைக்குச் சொந்தக்காரனான அந்தச் சம்மாட்டியும் சிரித்துக்கொண்டே இழுப்பான். வேலிக்குப் பின்னால் நின்று கேட்டுத்தான் தனக்கு மனசு போனது என்று றுக்கியாவே கலியாணத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டாள்.

பிறகு பட்டாளத்தில் சேர்ந்தான். வன்னியில் ஒரு முகாமில் குப்பை எரிக்கிற குழி அவன் பொறுப்பு. டயர், பற்றரி, கழிவெண்ணெய், பேர் தெரியாத மருந்துப் பீப்பாக்கள், எல்லாம் அதற்குள்தான். நாலு வருஷம் அந்தக் கறுப்புப் புகைக்குள் நின்றான். அங்கேயும் பாடினான், சிங்களப் பெடியன்மார் அர்த்தம் தெரியாமலே பின்பாட்டுப் பாடினார்கள். யுத்தம் முடிய ஆறு மாதம் இருக்கையில் மிதிவெடி இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோனது.

பட்ட காலிலே படும் என்பார்கள். இவனுக்குக் காலில் பட்டது போதாதென்று ஐந்து வருஷம் கழித்துத் தொண்டையில் புற்றுநோய். பீடி, சிகரெட் உண்டா என்று டொக்டர் கேட்டார். கையாலும் தொட்டதில்லை. குழியின் கதையைச் சொன்னதும் டொக்டர் பேனையை வைத்துவிட்டு, அந்தப் புகைதான் என்றார். குரல்பெட்டியையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு ஓட்டை, மூச்சு அதன் வழியாக. உள்ளே சின்ன வால்வு ஒன்று; விரலால் ஓட்டையைப் பொத்தினால் கரகரவென்று நாலு சொல் வரும்.

அன்று தொடங்கியது ஊரின் மெல்லிய குரல். காது கூசுகிற பேச்சுப் பேசும் மீரா முகைதீன்கூட இவனைக் கண்டால் புதுப் பெண்ணிடம் பேசுகிற மாதிரி, சாப்பிட்டியா மச்சான் என்பான். நோயை மர்ஸூக் தாங்கினான். இதைத்தான் தாங்க முடியவில்லை. கயிற்றில் ஒரு ஆளாக மறுபடி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

றுக்கியா ஒரே பிடியாக மறுத்தாள். "அந்த ஓட்டைக்குள்ள தண்ணி போனா மவுத்துதான். இதுக்கா உங்களக் காப்பாத்தி வச்சிருக்கேன்?"

அவன் விரலை வைத்துப் பொத்தினான். "வீட்டுக்குள்ள இருந்தா மட்டும் நான் இருக்கிற மாதிரியா இருக்கு?"

அழுதாள். அழுது முடித்துப் அவன் உடுத்துப் பழசான பருத்திச் சாரம் ஒன்றைக் கிழித்து, நாலாக மடித்து, மூச்சு முட்டாமல் கழுத்தில் கட்டிவிட்டாள்.

கரையில் அவனைக் கண்டதும் மீரா முகைதீன் உட்காரக் கதிரை கொண்டுவரச் சொன்னான். இருந்து பார் மச்சான், உன் பங்கு வீட்டுக்கு வரும் என்றான். மர்ஸூக் கதிரையைத் தாண்டி நடந்தான். வலையின் இரண்டு கயிற்றில் தெற்குக் கயிற்றின் கடைசிக்குப் போனான். மண்ணில் புதைகிற பொய்க்காலைக் கழற்றி வைத்தான், நல்ல காலுக்கு ஒரு குழி பறித்து ஊன்றிக்கொண்டு, உட்கார்ந்தபடியே கயிற்றைப் பிடித்தான்.

சம்மாட்டியின் மருமகன் ஹுனைஸ் அம்பா எடுத்தான். நிதானமான பாட்டு. ஆனால் மர்ஸூக்கின் காதில் விழுந்தது அதுவல்ல. கண்ணை மூடியதும் இருபத்தைந்து வருஷத்துக்கு முந்திய தன் குரலே வந்துவிட்டது. அதே அவ்லியாமார், அதே தொந்தி, வேலிக்குப் பின்னால் ஒரு தாவணி. எவ்வளவு நல்லாய் இருந்தது! அந்தப் பழைய வேகத்துக்கே இழுத்தான். பின்னாலிருந்து வந்த இழுவையை நம்பி முன்னால் நின்றவர்களும் கூட்டி இழுத்தார்கள். வடக்குக் கயிறு பின்தங்கியது, வலை கோணியது, அதன் மடிக்குள் நின்ற பாரை மீன் அவ்வளவும் எல்லாருடைய கண் முன்னாலேயே கடலுக்குத் திரும்பிப் போனது.

மீரா முகைதீன் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"டேய் மர்ஸூக், கழுதைக்குப் பொறந்தவனே! கண்ண மூடிக்கிட்டா கயிறு இழுக்கிற? நாளைக்கும் இப்படி இழுத்தியோ, மத்தக் காலையும் முறிச்சுப் போடுவேன்!"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. கரை முழுக்கக் கயிற்றை விட்டுவிட்டு மர்ஸூக்கையே பார்த்தது. அவன் தோள் குலுங்கியது. கழுத்து ஓட்டைக்குள் தண்ணீர் போய்விட்டதோ என்று ஹுனைஸ் ஓடி வந்து குனிந்து பார்த்தான். சத்தம் வராத சிரிப்பு அது, கண்ணீர் மட்டும் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

மர்ஸூக் வந்து வேலிப் படலையைத் திறந்ததும் றுக்கியா அவன் கண்ணைப் பார்த்துப் பதறினாள். யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள்.

"மீரா முகைதீன் ஏசிப்போட்டான் புள்ள."

என்ன ஏசினான் என்றாள். அவன் கழுத்தைப் பொத்திக்கொண்டு ஒரு சொல் விடாமல், கழுதையையும் மற்றக் காலையும் சேர்த்துச் சொன்னான். றுக்கியா முந்தானையால் தன் முகத்தைத் துடைத்தாள். பிறகு பக்கத்தில் வந்து இருந்து, இன்னொரு தரம் சொல்லுங்க என்றாள்.