அக்கரை விறகு

யோவான் திருநாளுக்கு முந்தின நாள் பொழுது சாய்ந்ததும், குபா ஆற்றின் இரு கரையிலும் தீ மூட்டுவோம். யாருடைய தீ கடைசிவரை எரிகிறதோ அந்தக் கரைக்கு ஜெயம். எதிர்க்கரை விறகை முன்கூட்டியே கொளுத்திவிட்டால் இன்னும் ருசி. எங்கள் கார்லோவாட்ஸ் ஊரில் பழைய நட்சத்திரக் கோட்டையைக் காவல் காக்க நாதியில்லை, விறகுக்குத்தான் காவல்.

நான் பிறந்தது இக்கரையில், காஸாப் பேட்டையில். வாழ்க்கைப்பட்டது அக்கரையில், பானியாவில். ஆறு வருஷமாக என் அண்ணன் விளாட்கோவுக்கு என் புருஷன் திஹோமிர் வெறும் 'பானியாக்காரன்'தான். அன்று காலை அண்ணனே போன் செய்தான்.

"மதியம் சாப்பாட்டுக்கு வந்துடுங்க மாப்பிள்ளை. அம்மா வாத்து சுடுறா."

பானியா விறகுக்கு அன்று பகல் காவல் திஹோமிரின் முறை. ஆனாலும் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிவிட்டான். எனக்கு அப்போதே உறுத்தியது.

அம்மா வீட்டில் அண்ணன் நாற்காலி காலி. "இப்ப வந்துடுவான்," என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்குப் போனேன், உட்கார்ந்தேன், மறுபடி போனேன்.

"என்னடி, நாற்காலியில முள்ளா இருக்கு?" என்றான் திஹோமிர்.

"எந்திரி. இது விருந்தே இல்ல. உன்னை இங்க உக்கார வெச்சுட்டு அண்ணன் விறகைக் கொளுத்தப் போயிருக்கான். பானியால சாகுறவரைக்கும் உன்னைக் கேலி பண்ணுவாங்க."

அவன் ரொட்டியால் தட்டைத் துடைத்தான். "தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தே?"

"ஆறு வருஷத்துல இன்னைக்குத்தான கூப்பிட்டான். வரலைன்னா இனிமே கூப்பிடுவானா?"

அக்கரையில் கரும்புகை ஏறியது. வாயைத் திறந்தால் அண்ணனைக் கெட்ட வார்த்தையில்தான் திட்டுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்தான், முழங்கால்வரை ஈரம், முகமெல்லாம் சிரிப்பு. திஹோமிர் அலறியடித்துக்கொண்டு ஓடியிருப்பான் என்று நினைத்திருக்கிறான். அவன் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"புகையைப் பாக்கலியா?"

"பாத்தேன் மச்சான். உக்காருங்க, ஆறிப்போகுது." திஹோமிர் வாத்துத் தொடையை அண்ணன் தட்டில் வைத்தான்.

அண்ணன் அதையே வெறித்தபடி நின்றான். காது சிவந்துவிட்டது.

"கொட்டகையில குளிருக்கு வெச்ச விறகு கிடக்கு," என்றான் கடைசியில். "டிராக்டர்ல ஏத்தினா பொழுது சாயறதுக்குள்ள அக்கரை போயிடலாம், மாப்பிள்ளை."

"காஸாவுல பாத்தா உங்களைச் சும்மா விடுவாங்களா?"

"விடமாட்டாங்க," என்றான் அண்ணன், சாவியைத் தேடிக்கொண்டே.